எல்லாம் பார்த்தவள்

அம்மா கொழும்பில் பத்தொன்பது வருடம் இருந்தவள். வெள்ளவத்தையில் ஒரு வீட்டில் சமையலுக்கு நின்றாள். நான் இரண்டாம் வகுப்புப் படிக்கும்போது போனவள், நான் மஸ்கெலியா டவுனில் துணிக்கடை வேலைக்குச் சேர்ந்து நாலு வருடம் ஆனபிறகுதான் ஒரேயடியாகத் திரும்பி வந்தாள். அதனால் போன வருடம் சீட்டுப் பணம் கைக்கு வந்து, "ஒரு வாரம் கொழும்பைச் சுத்திப் பாத்துட்டு வரலாமாப்பா?" என்று நான் கேட்டபோது அப்பா என் முகத்தைப் பார்க்கவேயில்லை. அடுப்படிப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

"இந்தா, கேட்டியா? ஒன் ஊருக்குப் போகப் போறோமாம்!"

ரொட்டி தட்டிக்கொண்டிருந்த அம்மா "ம்" என்றாள். அவ்வளவுதான். அந்த "ம்" சரியில்லை என்று எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். கடை முதலாளியிடம் கெஞ்சிக் கூத்தாடி ஒரு வாரம் லீவு வாங்கிய சந்தோஷத்தில் எனக்கு எதுவும் உறைக்கவில்லை.

அப்பா கொழும்பைக் கண்ணால் கண்டதில்லை, காதால்தான் கண்டிருந்தார். பத்தொன்பது வருடமும் ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடமிருந்து போன் வரும். முதலில் எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கடைக்கு வந்தது, பிறகு அப்பாவின் கைப்போனுக்கு. "இந்தக் கெழம எங்க போன?" என்றுதான் அப்பா முதலில் கேட்பார். சாப்பிட்டாயா, சம்பளம் தந்தார்களா என்பதெல்லாம் அதற்குப் பிறகு. அம்மாவும் சொல்வாள். மிருகக்காட்சிசாலையில் யானை முன்னங்காலைத் தூக்கி வணக்கம் வைத்ததாம். கண்ணாடிக்குப் பின்னால் ஆள் நீளத்துக்கு மீன் போனதாம். மியூசியத்துக்குள் ராஜா உட்கார்ந்த தங்க நாற்காலி இருக்கிறதாம்.

எங்கள் லயத்தில் ஒரே கூரைக்குக் கீழே பன்னிரண்டு வீடு. ஒரு வீட்டில் தும்மினால் அடுத்த வீட்டில் கேட்கும். "பொஞ்சாதிய வேலைக்கு அனுப்பிட்டு இவன் சோறாக்கித் திங்கிறான்" என்று அப்பாவின் காதுபடவே பேசியவர்கள் உண்டு. அவர்களுக்குச் சொல்ல அப்பாவிடம் இருந்த ஒரே பதில் அந்த யானைதான். "அவ அங்க ராணி மாதிரி சுத்திப் பாக்குறாய்யா, ஒங்களுக்கு என்ன தெரியும்?" என்பார். எனக்குச் சோறு போட்டுக் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தும் அதையே சொல்வார். எனக்குச் சொன்னாரா, தனக்கே சொல்லிக்கொண்டாரா என்று அந்த வயதில் எனக்குத் தெரியவில்லை.

பயணத்துக்குத் திட்டம் போடும் பொறுப்பை அவரே எடுத்துக்கொண்டார். முப்பத்தைந்து வருடம் பெரட்டுக்குப் போன மனிதர். விடியற்காலையில் எல்லாரையும் வரிசையாக நிறுத்தி, நீ இந்த மலை, நீ அந்த மலை என்று வேலை பிரித்துவிடுவார்களே, அந்தப் பெரட்டு. கொழும்பையும் அவர் அப்படியே பிரித்தார். புதுக் கொப்பி ஒன்று வாங்கி, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, கிழமைக்கு ஒரு பக்கம்.

"திங்கக்கெழம மிருகக்காட்சிசாலை. ஆறரைக்கு எல்லாரும் ரெடியா நிக்கணும்."

"அது தெறக்கவே எட்டு எட்டரை ஆகும்ப்பா."

"அப்ப வாசல்ல போய் நிப்போம். முன்னுக்கு நிக்கிறவனுக்குத்தான் நல்ல மல கெடைக்கும்."

"நாம அங்க கொழுந்து பறிக்கவா போறோம்?"

"ஒனக்கு ஒண்ணும் தெரியாது பாப்பா. பேசாம இரு."

செலவு பற்றிய கவலை என்னுடையது. எங்கள் வீட்டுக்குள் சிக்னல் வராது. பாதை வளைகிற கோயில் முடக்குக்குப் போய் நின்று போனில் தேடுவேன். குறைந்த செலவில் ஒரு வாரம் கொழும்பு என்று போட்டால் வெள்ளைக்காரர்களுக்கு எது குறைந்த செலவோ அதைக் காட்டும். நடுவில் ஒரு விளம்பரம் வேறு, தேயிலை மலையில் வந்து தங்குங்கள் என்று. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் எங்கள் பக்கத்துத் தோட்டத்துப் பங்களா! அங்கே ஒரு ராத்திரி தூங்க அவர்கள் கேட்ட பணத்தில் நாங்கள் மூன்று பேரும் கொழும்புக்குப் போய்த் திரும்பி வந்து மிச்சமும் வைத்திருக்கலாம். சிரிப்பதா, போனைத் தூக்கி எறிவதா என்று தெரியாமல் நின்றேன். போன் எறிகிற விலையில் இல்லை என்பதால் சிரித்தேன்.

சரி, வீட்டிலேயே ஆள் இருக்கும்போது நான் ஏன் முடக்கில் நின்று குளிரில் நடுங்க வேண்டும்? மறுநாள் பீலியில் அம்மா துணி அலசிக்கொண்டிருந்தாள். மலைத் தண்ணீரை இறக்க மூங்கிலுக்குப் பதிலாக இப்போது பிளாஸ்டிக் குழாய் வைத்திருக்கிறார்கள், ஆனாலும் அது பீலிதான். பக்கத்தில் வேறு யாரும் இல்லை. நான் கொப்பியும் பேனையுமாகப் போய் உட்கார்ந்தேன்.

"அம்மா, வெள்ளவத்தையிலேர்ந்து மிருகக்காட்சிசாலைக்கு எந்த பஸ்ஸு?"

"அது... அப்ப ஒரு நம்பர் இருந்துச்சு. இப்ப மாத்திருப்பாங்க."

"உள்ளுக்குச் சாப்பாட்டுக் கடை இருக்கா? இல்ல நாம கட்டிக்கிட்டுப் போகணுமா?"

"இருக்கும்."

"இருக்கும்னா? நீ நாலஞ்சு தடவ போயிருக்கியேம்மா!"

அம்மா பிழிந்த துணியையே மறுபடி பிழிந்தாள். தண்ணீர் சொட்டவில்லை. "நா எங்கடி போனேன்?" என்றாள்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. அம்மா குரலைத் தாழ்த்தி, மேலே லயத்துப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுச் சொன்னாள். அவளுக்குத் தெரிந்த கொழும்பு அந்த வீடு, வீட்டுக்கு முன்னால் ஒரு குறுகலான ஒழுங்கை, ஒழுங்கை முடிகிற இடத்தில் ஒரு பிள்ளையார் கோயில், சனிக்கிழமை சந்தை, மருந்துக்கடை. துணி காயப்போட மொட்டை மாடிக்குப் போனால் தூரத்தில் கடல் தெரியும். அவ்வளவுதான்.

"அப்ப அந்த யான?"

"அந்த வீட்டுப் புள்ளைங்க பள்ளிக்கூடத்துல டிரிப் கூட்டிட்டுப் போவாங்க. வந்து அடுப்படியில நின்னுக்கிட்டுக் கத கதையாச் சொல்லுங்க. அதத்தான் ஒங்கப்பாகிட்ட சொன்னேன்."

"ஏம்மா?"

"ஏன்னா? அவரு என்னைய அனுப்பிட்டு உள்ளுக்குள்ள எவ்வளவு குமைஞ்சாருன்னு ஒனக்கு என்னடி தெரியும்? மொத மாசம் போன்ல அழுவுறாரு. ஆம்பள, கடையில நாலு பேருக்கு முன்னால நின்னு அழுவுறாரு. அன்னைக்குத்தான் மொதமொதல்ல யானைய பாத்தேன்னு சொன்னேன். உடனே அழுகைய நிறுத்திட்டு யானை என்னா பண்ணுச்சுன்னு கேட்டாரு. நா சந்தோசமா இருக்கேன்னு நெனச்சுத்தான் அந்த மனுசன் பத்தொம்பது வருசம் சோறு தின்னாரு. இப்ப போயி எல்லாம் பொய்னு சொல்லச் சொல்றியா?"

எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. யார்மேல் என்று கேட்டால் தெரியாது. இந்தப் பயணப் பேச்சை எடுத்த என் வாயின் மேலேயே என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் அங்கே, அந்த ஈரக் கல்லில் உட்கார்ந்து, ஒரு முடிவும் எடுத்தேன். பரவாயில்லை, இந்த ஒரு வாரத்தில் அம்மா எல்லாவற்றையும் நிஜமாகவே பார்க்கட்டும். அப்பா பக்கத்திலேயே இருந்தாலும் அவருக்கு என்ன தெரியப்போகிறது? வழியை நான் போனில் பார்த்துக்கொள்வேன். பொய்யும் உடையாது, அம்மாவும் பார்த்தது போலாகும். எனக்கு என் புத்திசாலித்தனத்தை நினைத்துப் பெருமையாகக்கூட இருந்தது.

அதற்கு ஆயுள் இரண்டு நாள்.

தங்கும் இடம்தான் கழுத்தைப் பிடித்தது. பஸ், ரயில், டிக்கெட் எல்லாம் எப்படியோ அடங்கிவிட்டன. மூன்று பேர் ஆறு ராத்திரி தங்க எங்கே விசாரித்தாலும் சீட்டுப் பணத்தில் பாதி போய்விடும். நான் கொப்பியில் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்ததை அப்பா பார்த்தார். "எதுக்கு லாட்ஜு?" என்றார். "ஒங்கம்மா இருந்த வூடு இருக்குல்ல? ஒங்க வூடு மாதிரி எப்ப வேணாலும் வாங்கன்னு அந்தம்மா சொல்லித்தானே அனுப்புனாங்க?"

சொன்னார்கள்தான். அப்படிச் சொல்கிறவர்கள் நிறையப் பேர். அதை நம்பிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகிற ஆள் எங்கள் அப்பாதான். அம்மா "அவங்களுக்கு எதுக்குங்க கஷ்டம்" என்று இழுத்தாள். "என்னா கஷ்டம்? கேரட்டு, லீக்ஸ், மேரக்காய், நல்ல தேயிலத் தூள் எல்லாம் கொண்டுபோய்க் குடுப்போம். சும்மாவா போறோம்?" என்று அப்பா என் கையில் போனைத் திணித்தார். மூன்று பேரும் கோயில் முடக்குக்குப் போனோம். எல்லாரும் கேட்கிற மாதிரி போடு என்றார் அப்பா. போட்டேன். வேறு என்ன செய்திருக்க முடியும்?

அந்த வீட்டம்மா நல்ல மனுஷிதான். அதைச் சொல்லாமல் விட்டால் பாவம்.

"ஐயோ, நீங்களே! கடவுள் கொண்டுவந்து விட்ட மாதிரி எல்லோ இருக்கு!" என்றார். "இஞ்ச வீட்டு வேலைக்கு நிக்கிற பிள்ளை லீவில போயிட்டாள். அந்தக் கிழமைதான் சின்னவள் லண்டனில இருந்து குடும்பத்தோட வாறாள். உங்கட கைச்சாப்பாடு வேணும் எண்டு இப்பவே கேட்டுக்கொண்டு நிக்கிறாள். அவரையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வாங்கோ. மொட்டை மாடியில ஒரு அறை சும்மாதான் கிடக்கு."

"சின்னவளா வர்றா?" என்றாள் அம்மா. அவள் முகம் ஒரு கணம் மலர்ந்துபோனது. அவள் கைச்சோற்றில் வளர்ந்த பிள்ளை அது. எனக்கு உள்ளே சுருக்கென்றது, பொய் சொல்லவில்லை. எனக்குத் தலை பின்னிவிட்டவர் அப்பா. கோணல் மாணலாகத்தான் பின்னுவார்.

பிறகு அம்மா அந்தப் பேச்சின் மீதியை விளங்கிக்கொண்டது அவள் முகத்திலேயே தெரிந்தது. "சரிங்கம்மா, வந்துடறேன்" என்றாள்.

போனை வைத்ததும் அப்பா துள்ளாத குறை. "பாத்தியா! ரூமே தர்றாங்க! ஒங்கம்மாவுக்கு அங்க எம்புட்டு மரியாதன்னு பாத்தியா பாப்பா!"

"அப்பா, அம்மாவ வேலைக்குக் கூப்பிடுறாங்க. அம்மா எப்ப நம்மகூட சுத்திப் பாக்குறது?"

அப்பாவின் முகம் கொஞ்சம் வாடியது. அவர் ஒன்றும் கல்நெஞ்சுக்காரர் இல்லை. அம்மாவைப் பார்த்தார். அம்மா சிரித்தாள்.

"நீங்க ரெண்டு பேரும் போயி நல்லாப் பாத்துட்டு வாங்க. நா எல்லாம் பாத்ததுதானே!"

"அதுவும் சரிதான்" என்றார் அப்பா. "ஒனக்கு இன்னொருக்கா டிக்கெட்டு வாங்குறதும் வீண் செலவு." கொப்பியைத் திறந்து ஒவ்வொரு கிழமையிலும் மூன்று ஆள் என்று போட்டிருந்ததை வெட்டி இரண்டு என்று எழுதினார்.

நான் சும்மா இருக்கவில்லை. மறுநாள் அடுப்படியில் அம்மாவைப் பிடித்துக்கொண்டேன். "நா அப்பாகிட்ட சொல்லிடறேன்" என்றேன். "சொல்லு," என்றாள், "சொல்லிட்டு அப்புறம் என்னைய அம்மான்னு கூப்புடாத." சும்மா மிரட்டுகிறாளா என்று பார்த்தேன். இல்லை. பயணத்தையே நிறுத்திவிடலாம் என்றேன். அப்பா ஏற்கெனவே லயம் முழுக்கச் சொல்லி, டவுனில் புதுச் சட்டை தைக்கக் கொடுத்துவிட்டு வந்திருந்தார். கடையில் கூட வேலை செய்கிறவளிடம் சொல்லி மலிவான மடம் ஒன்று விசாரித்தேன், இடம் இல்லை என்றார்கள். கடைசியில் யாருக்கும் தெரியாமல் அந்த வீட்டம்மாவுக்கே போன் எடுத்தேன். அம்மாவை ஒரு நாளாவது, ஒரே ஒரு நாளாவது வெளியே போக விட முடியுமா என்று கேட்டேன்.

"என்ன பிள்ளை இப்பிடிக் கேக்கிறீர்? நான் என்ன பிடிச்சு வச்சா இருக்கிறன்? அந்த நாளிலயே எத்தனை தரம் கேட்டிருப்பன், எங்களோட வாங்கோ எண்டு. வேண்டாம் அம்மா, நான் வீட்டில நிக்கிறன் எண்டுதான் சொல்லுவா."

அம்மாவிடம் இதைக் கேட்டேன். "கூப்புட்டாங்க, ரெண்டு மூணு தடவ" என்றாள். "பைய தூக்கிக்கிட்டுப் பின்னால போறதுக்கு. அதுவும் போக, ஒங்கப்பாவும் நீயும் இங்க கெடக்கும்போது நா மட்டும் எப்புடிடி போயி வேடிக்க பாக்குறது?" இந்த இரண்டில் எது காரணம் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அதற்குமேல் கேட்க எனக்குத் தெம்பும் இல்லை.

ஹட்டனில் ரயில் ஏறினோம். மூன்றாம் வகுப்பில் ஜன்னலோரம் பிடித்து அப்பாவை உட்கார வைத்தோம். அவர் சின்னப் பிள்ளை மாதிரி தலையை வெளியே நீட்டிக்கொண்டே வந்தார். வட்டவளை தாண்டும்போது, "இன்னும் எவ்வளவு நேரம்?" என்று அம்மாவைக் கேட்டார். அந்தப் பாதை மட்டும் அவளுக்கு நன்றாகத் தெரியும். ஒவ்வொரு ஸ்டேஷனாகப் பெயர் சொல்லிக்கொண்டு வந்தாள். நான் அவள் குரலைக் கேட்டுக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டேன், தூங்கவில்லை.

அந்த வீட்டில் நுழைந்து, கும்பிடு போட்டு, மேரக்காய் மூட்டையை இறக்கி வைப்பதற்குள் அம்மா சேலையை இழுத்துச் செருகிவிட்டாள். யாரும் வேலை சொல்லவில்லை. டீ போடட்டுமா என்று அவளே கேட்டுக்கொண்டு போனாள். எந்த டப்பாவில் சீனி என்று அவளுக்கு இன்னும் ஞாபகம் இருந்தது.

முதல் நாள் மிருகக்காட்சிசாலையில் அம்மாவின் பொய் எப்படியோ தப்பியது. பிள்ளைகள் சொன்ன கதைகள் அநேகமாகச் சரியாக இருந்தன. இரண்டாம் நாள் மியூசியத்துக்குப் போனோம். அப்பா உள்ளே போகவே மாட்டேன் என்று வாசலில் நின்றுவிட்டார். அங்கே வெளியில் ஓர் ஆலமரம். அவர் வாழ்நாள் முழுக்கச் செடியும் மரமுமாகப் புழங்கியவர், ஆனால் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. சுற்றிச் சுற்றி வந்தார், தொங்குகிற விழுதைப் பிடித்துப் பார்த்தார், அடியில் உட்கார்ந்தார். நான் வற்புறுத்தி உள்ளே கூட்டிப்போய் ராஜாவின் நாற்காலியைக் காட்டிய பிறகும், வெளியே வந்து மறுபடியும் அங்கேயே உட்கார்ந்தார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அம்மா இதைப் பற்றி ஒருநாளும் சொன்னதில்லையே என்று அவர் முணுமுணுத்ததும், நேரமாகிவிட்டது என்று சொல்லி அவரைக் கிளப்பினேன்.

பொழுது சாயும்போது வீட்டுக்கு வந்தோம். அப்பா நேரே குசினிக்குப் போனார். அம்மா தரையில் உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். முன்ஹாலில் லண்டன் பிள்ளைகள் கத்திக்கொண்டிருந்தன.

"ஏன் புள்ள, அந்த மியூசியத்து வாசல்ல அம்மாம் பெரிய ஆலமரம் நிக்கிது! அத நீ ஒருநாளும் போன்ல சொல்லவே இல்லையே? நாற்காலிய சொன்ன, மரத்த விட்டுட்டியே! வாசல்லயே நிக்கிது, பாக்காம உள்ளுக்குப் போகவே முடியாது."

அம்மாவின் கை நின்றது. என்னைப் பார்த்தாள்.

"எல்லாத்தையும் நானே சொல்லிப்புட்டா," என்றாள் அம்மா, "அப்புறம் நீங்க வந்து பாக்குறதுக்குன்னு என்னாங்க இருக்கும்?"

அப்பா அப்படியே நின்றார். பிறகு அவர் முகம் முழுக்கச் சிரிப்பு. என் தோளைத் தட்டி, "கேட்டியா பாப்பா? எனக்குன்னு வச்சிருந்திருக்கா!" என்றார். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு குளிக்க மாடிக்குப் போனார். படியில் ஏறும்போதுகூடத் தனக்குள் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டு போனது கேட்டது.

அவர் காலடிச் சத்தம் ஓயும்வரை அம்மா துருவிக்கொண்டே இருந்தாள். பிறகு அடுத்த தேங்காய் மூடியை எடுத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

"எம்மாம் பெருசுடி?"

சொன்னேன். எத்தனை பேர் கை கோத்தால் அதைக் கட்டிப் பிடிக்கலாம், விழுது எங்கே தரையைத் தொடுகிறது, வாசலில் நுழைந்தால் எந்தக் கைப் பக்கம், அடியில் உட்கார்ந்தால் எதிரில் என்ன தெரியும் என்று எல்லாவற்றையும் சொன்னேன். துருவிக்கொண்டே கேட்டாள். நடுவில் ஒன்றிரண்டை மறுபடி சொல்லச் சொன்னாள்.

"நாளைக்கு எங்க போறீங்க?"

"தாமரைக் கோபுரம்."

"வாசல்லேர்ந்தே ஒழுங்கா பாத்துட்டு வா" என்றாள். "வந்த ஒடனே மொதல்ல எங்கிட்ட சொல்லிடு. அவரு கேக்குறதுக்கு முன்னால."

சரிம்மா என்றேன்.